அடி ஆறிவிட்டது, தலைவலி ஏன் ஆறவில்லை?

கேள்வி: ஆறு வாரங்களுக்கு முன் படியில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டது. நினைவு தப்பவில்லை; சில நிமிடம் பொறி கலங்கியதுபோல இருந்தது. அன்றே எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல். ஆனாலும் தினமும் பிடரியில் வலி ஆரம்பித்து நெற்றிவரை ஏறுகிறது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் கூடுகிறது. தினமும் ஒன்றிரண்டு மாத்திரை போட்டால்தான் வேலை ஓடுகிறது. ஸ்கேனுக்குத் தப்பிய ஏதாவது உள்ளே இருக்குமா?

பதில்: ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, வீக்கம் போன்றவற்றை. மூளை குலுங்கியதில் நரம்பு செல்களின் உப்புச் சமநிலை குலைவதும், வலி நரம்புகள் கூருணர்வு பெற்றுவிடுவதும் அந்தப் படத்தில் விழாது. ஆகவே, நார்மல் ஸ்கேனும் நிஜமான வலியும் ஒரே ஆளிடம் இருக்கலாம். யாராவது 'எல்லாம் மனப்பிரமை' என்றால் பொருட்படுத்தாதீர்கள்.

அடிபட்ட 7 நாட்களுக்குள் தொடங்கும் தலைவலியைத்தான் மருத்துவர்கள் அடியோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணியும். 3 மாதத்தைத் தாண்டினால்தான் 'நீடித்த' என்ற பெயர். நீங்கள் இன்னும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன.

முதலாவது, மாத்திரை. பாராசிட்டமால், இபுபுரூஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கஃபீன் அல்லது கோடீன் சேர்ந்த கூட்டு மாத்திரைகளையும் ஒற்றைத் தலைவலிக்குத் தரும் டிரிப்டான் வகை மாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். காலையில் எழும்போதே வலி, மாத்திரை போட்டால் சில மணி நேரம் விடுதலை, மறுபடி வலி என்று அது சுற்றும். தினமும் போடுகிற நீங்கள் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வாரத்துக்கு 2 நாள் என்று வரம்பு வையுங்கள். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., இடைவெளி குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறு, மதுப்பழக்கம், குறைந்த எடை இருந்தால் அளவு இன்னும் குறையும்; மருத்துவரிடம் கேளுங்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் வாங்கும் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தலாம். முதல் ஒரு வாரம், பத்து நாள் வலி கூடத்தான் செய்யும். அங்கேதான் பலர் மனம் தளர்ந்து பழையபடி மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். கோடீன் கலந்ததைத் தினமும் போட்டுவந்தால் மட்டும், மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, பிடரி. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் மூளைத்தண்டில் ஒரே நிலையத்தில் வந்து சேர்கின்றன. அதனால் கழுத்தில் உள்ள கோளாறை நெற்றியில் வலியாக உணர்வது சகஜம். கழுத்தைத் திருப்பும்போது வலி கூடுகிறதா, மண்டை ஓட்டின் அடிவிளிம்பை விரலால் அழுத்தினால் அதே தலைவலி எழுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் பிசியோதெரபிஸ்டிடம் போவது எந்த மாத்திரையையும்விடப் பயன் தரும். அதுவரை இதைச் செய்யலாம்: நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் குனியாமல், மோவாயை நேராகப் பின்னால் இழுங்கள். 5 விநாடி நிறுத்தி விடுங்கள். 10 தடவை, நாளுக்கு 2 வேளை. கை மரத்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கழுத்தைச் 'சொடக்கு' எடுக்க யாரிடமும் கொடுக்காதீர்கள்.

திரை பார்த்தால் வலி கூடுவதற்குக் கண்ணும் காரணமாக இருக்கலாம். பேனா முனையைக் கையை நீட்டிய தூரத்திலிருந்து மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். 10 செ.மீ.க்கு முன்பே இரண்டாகத் தெரிந்தால், இரு கண்களும் உள்நோக்கிச் சேரும் திறன் குறைந்திருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் பாருங்கள்.

இவ்வளவுக்கும் வழிவிடாவிட்டால் தலைவலி வராமல் தடுக்கும் மருந்து உண்டு. தூக்கமும் கெட்டிருந்தால் இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் (பெரும்பாலும் 10 மி.கி.யில் தொடங்குவார்கள்), ஒற்றைத் தலைவலிபோல விண்விண்ணென்று தெறித்தால் புரோப்ரனலால். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பின்னது ஆகாது. நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது வலி வந்த நேரம், வலியின் அளவு 10க்கு எத்தனை, போட்ட மாத்திரை, தூங்கிய நேரம் என்று நான்கு கட்டங்களில் எழுதிய குறிப்பு கையில் இருக்கட்டும்.

கேள்வி: என் மகளுக்குத் தலையில் பந்து பட்டு லேசான மூளை அதிர்ச்சி. பத்து நாளாக இருட்டறையில், செல்போன் இல்லாமல் படுக்க வைத்திருக்கிறோம். தலைவலி போகவில்லை. இன்னும் எத்தனை நாள் ஓய்வு தேவை?

பதில்: ஓய்வு ஏற்கெனவே அதிகம். முதல் 24 முதல் 48 மணி நேரம் வேலையைக் குறைத்தால் போதும். அதற்கு மேல் படுத்தே கிடந்தால் தூக்கச் சுழற்சி கெட்டு, சாதாரண வெளிச்சமே பொறுக்காமல் போகும். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு நாளை 15 நிமிட நடையில் தொடங்குங்கள். அளவுகோல் எளிது: நடக்கும்போது வலி 10க்கு 2 புள்ளிவரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்தால் பரவாயில்லை, தொடரலாம். அதைத் தாண்டினால் நிறுத்தி, மறுநாள் கொஞ்சம் குறைவாகச் செய்யட்டும். பாடமும் அப்படியே, அரை நாள் பள்ளியிலிருந்து ஆரம்பிக்கலாம். மறுபடி தலையில் அடிபடக்கூடிய விளையாட்டு மட்டும் மருத்துவர் அனுமதிக்கும்வரை கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று வாரத்துக்கு முன் கதவில் லேசாக இடித்துக்கொண்டார். இப்போது தலைவலி, நடையில் தள்ளாட்டம். வயதுதான் காரணமா?

பதில்: இதைப் படித்ததும் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். வயதானவர்களுக்கு மூளையுறைக்குக் கீழே ரத்தம் மெல்லக் கசிந்து வாரங்கள் கழித்து வெளிப்படலாம். அடி லேசாக இருந்தாலும் போதும். அன்றே ஸ்கேன் எடுத்து அது நார்மலாக இருந்திருந்தாலும் புதிதாக எடுக்க வேண்டும். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையோடு எடுத்துப் போங்கள்.

மற்றவர்களும் நாளுக்கு நாள் கூடும் வலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கப் பலவீனம், எழுப்ப முடியாத தூக்கம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் இவற்றில் எது வந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எழுந்து உட்கார்ந்தால் வலி ஏறி, படுத்தால் சில நிமிடத்தில் இறங்குகிறது என்றால் தண்டுவட நீர் கசிகிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். அந்த விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.