6/6 படிக்கும் கண்ணில் 27 ஹெர்ட்ஸ் ஏன்?

வணக்கம். என் தங்கைக்கு வலது கண்ணில் பார்வை நரம்பு அழற்சி வந்து ஏழு வாரம் ஆகிறது. எழுத்துப் பலகையை இப்போது இரண்டு கண்ணாலும் 6/6 படிக்கிறாள். ஆனால் மினுக்கும் விளக்கைக் காட்டிச் செய்த சோதனையில் இடது கண்ணுக்கு 41 ஹெர்ட்ஸ், வலது கண்ணுக்கு 27 என்று எழுதியிருக்கிறார்கள். பார்வை திரும்பிவிட்டதா, இல்லையா? மொபைல் செயலியில் வாராவாரம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

க.

அன்புள்ள க.,

இரண்டும் சரியாகவே இருக்கலாம். பலகையில் உள்ள எழுத்து அசையாமல் நிற்கிறது. நரம்பு மெதுவாகச் சேதி கொண்டுபோனாலும் படித்துவிடலாம். மினுக்கும் விளக்கு காத்திருக்காது. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்ற எண்ணிக்கை; தாளில் எழுதியிருப்பது, மினுக்கல் நிலையான வெளிச்சமாகத் தெரியத் தொடங்கும் எல்லை. நொடிக்கு 41 முறை அணைந்து எரிவதை ஒவ்வொன்றாகப் பிரித்து மூளைக்குச் சேர்க்க வேண்டும். அழற்சியில் மயலின் உறையை (நரம்பு இழையைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை) இழந்த இழைகளில் சேதி தாமதமாகிறது. அதுவும் இழைக்கு இழை வேறு அளவில். அதனால் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இடது கண்ணுக்கு இன்னும் மினுக்கும் விளக்கு வலது கண்ணுக்கு நிலையாக எரிவதாகத் தெரிகிறது.

எழுத்து முதலில் திரும்பும், மினுக்கல் பின்தங்கி வரும். இந்த நோயில் இது வழக்கம். ஜப்பானியக் கண் மருத்துவர்கள் இந்தச் சோதனையை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே பொதுவாக 35-க்கு மேல் இயல்பு, 25-க்குக் கீழ் கோளாறு. 27 இடையில் விழுகிறது. நான் அந்த எண்ணைவிட, இரண்டு கண்ணுக்கும் இடையிலுள்ள 14 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தையே பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

ஆனால் சோதனை ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்துக்கு முன்பே செய்ய வேண்டும்; கண்மணி விரிந்தால் உள்ளே வெளிச்சம் கூடும், வெளிச்சம் கூடினால் எண்ணும் கூடும். நல்ல கண்ணை முதலில் பார்த்தால், மினுக்கல் எப்படி இருக்கும் என்று சோதனைக்கு உட்கார்ந்தவருக்குப் பழகிவிடும். மினுக்கும் வேகத்தை மேலிருந்து இறக்கி 'எப்போது மினுக்கத் தொடங்குகிறது' என்று மூன்று முறை, கீழிருந்து ஏற்றி 'எப்போது நிற்கிறது' என்று மூன்று முறை கேட்டு, சராசரி எடுக்க வேண்டும். இரண்டு வழியிலும் ஒரே எண் வராது.

பிழை அதிகம் நுழைவது இப்படி ஏற்றி இறக்கும் வேகத்தில்தான். நொடிக்கு 1 ஹெர்ட்ஸ் மாற்றினால் போதும். நொடிக்கு 5 ஹெர்ட்ஸ் வேகத்தில் இறக்கினால், பொத்தானை அழுத்த அரை நொடி தாமதித்தாலே 2.5 ஹெர்ட்ஸ் போய்விடும். விளக்கையே வெறித்துக்கொண்டிருந்தாலும் உணர்வு மங்கும்; நடுநடுவே பார்வையை விலக்கச் சொல்ல வேண்டும்.

தூக்கமின்மையும் தூக்க மாத்திரையும் இரண்டு கண்ணின் எண்ணையும் சேர்த்தே இறக்கும். உடல் சூடேறினால் பாதித்த கண் தற்காலிகமாக மங்கும். 1890-இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஊத்தோஃப் விவரித்தது இதைத்தான். வெயிலில் நடந்து வந்தவுடன் சோதனைக்கு உட்கார வேண்டாம்; இருபது நிமிடம் ஆறட்டும்.

மொபைல் செயலி வேண்டாம். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு மினுக்கலுக்கு ஒரு வெளிச்சச் சட்டமும் (ஃப்ரேம்) ஓர் இருள் சட்டமும் குறைந்தது தேவை. ஆகவே 30, 20, 15 என்று தாவித்தான் இறங்க முடியும். 120 திரையில் 60, 40, 30. உங்கள் தங்கையின் 41-ம் 27-ம் இரண்டிலும் இல்லை. வலிப்பு வந்தவர்கள் வீட்டில் மினுக்கும் வெளிச்சத்தைப் பார்க்கவே கூடாது; மருத்துவமனையிலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் ஒரு சிவப்பு பாட்டில் மூடியை ஒவ்வொரு கண்ணாலும் பார்க்கட்டும். வலது கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிவது மெல்லக் குறைந்துவந்தால் நல்லது. பார்வை மறுபடி மங்கினாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

27 என்ற எண்ணைப் பார்த்து பயந்து மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு அழற்சி திரும்ப வருவது கூடியது. மருத்துவர் ஏற்கெனவே கொடுத்திருந்தால், அவர் சொல்லாமல் நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்த முறை அதே கருவியில், அதே அறையில் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் கருவியின் பெயரையும் 'சொட்டு மருந்துக்கு முன்' என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.