வேதியியலோடு கணினியும் படிக்கலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறேன். கணினி அறிவியலையும் சேர்த்து எடுத்தால், "இரண்டு படகில் கால் வைக்காதே" என்கிறார்கள். எடுக்கலாமா சார்?

பதில்: தாராளமாக எடுங்கள். மூலக்கூறுகளைக் கணினிக்குப் புரியும்படி எழுத்துகளால் எழுதும் 'ஸ்மைல்ஸ்' குறியீட்டில், எத்தனாலை 'சிசிஓ' (CCO) என்று மூன்றே எழுத்தில் எழுதிவிடலாம். இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன். ஹைட்ரஜன்களை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். அதாவது, கணினிக்கு மூலக்கூறு என்பது புள்ளிகளும் கோடுகளும் கொண்ட ஒரு வரைபடம். கணினி வகுப்பில் வரைபடக் கோட்பாடு வரும்போது தூங்கிவிடாதீர்கள்!

அப்புறம், கணக்குப் போடக் கணினிக்கு ஆகும் செலவு. மூலக்கூறின் ஆற்றலைத் தோராயமாகக் கணக்கிடும் ஹார்ட்ரீ-ஃபாக் முறையில், எலக்ட்ரான்களை விவரிக்கப் பயன்படும் அடிப்படைச் சார்புகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால், ஏட்டளவில் வேலை 16 மடங்காகும். இதைச் சமாளிக்கத்தான் நல்ல நிரல் தேவை. இப்படிப்பட்ட கணக்கீட்டு முறைகளை வளர்த்ததற்காக 1998-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட ஜான் போப்பிள், படித்தது கணிதம். புரத வடிவத்தைக் கணித்ததற்காக 2024-ல் அதே நோபலைப் பகிர்ந்துகொண்ட டெமிஸ் ஹஸாபிஸ், கணினி அறிவியல் பட்டதாரி.

நேரம் இடிக்கும், அது உண்மைதான். அதற்காக ஆய்வகத்தை மட்டும் வெட்டாதீர்கள். வழக்கமாக நான்கு பிணைப்பே கொள்ளும் கார்பனுக்கு ஐந்து பிணைப்பு வருமாறு அணுக்களை அடுக்கிக் கொடுத்தாலும், குவாண்டம் மென்பொருள் பெரும்பாலும் முனகாமல் ஓர் ஆற்றல் மதிப்பைத் துப்பும். அது அபத்தம் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிரல் எழுதப் பைத்தான் மொழி போதும். நேரியல் இயற்கணிதத்தை இந்தப் பருவத்திலேயே எடுத்துவிடுங்கள்.