சேலத்தில் வெள்ளையர் ஆட்சி: கேள்வி பதில்

கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி: ஆங்கிலப் படிப்பு வந்ததால்தான் தேசிய உணர்வும் வந்தது என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பாதிதான் ஒப்புக்கொள்வேன். படிப்பு கிடைத்தது, படித்தவருக்கு மரியாதை கிடைக்கவில்லை. கோபம் அங்கேதான் முளைத்தது. நம் ஊர் சி. விஜயராகவாச்சாரியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். வக்கீல், நகராட்சி உறுப்பினர். 1882இல் செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிவாசல், ஊர்வலப் பிரச்சினையில் இந்து முஸ்லிம் கலவரம் மூண்டது. தூண்டிவிட்டது இவர்தான் என்று வழக்குப் போட்டுத் தண்டனையும் வாங்கிக்கொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. மனிதர் அதோடு விடவில்லை. நகராட்சிப் பதவியிலிருந்து நீக்கியதை எதிர்த்து, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் மந்திரிமீதே வழக்குத் தொடுத்து ஜெயித்தார். சட்டமும் அவர்களுடையது, கோர்ட்டும் அவர்களுடையது, ஜெயித்தது சேலத்துக்காரர்! 1920 நாகபுரி காங்கிரசுக்கு அவர்தான் தலைவர்.

தோட்டக் கணக்கர், ஏற்காடு: காப்பி, பள்ளிக்கூடம் எல்லாம் அவர்கள் கொண்டுவந்தவைதானே?

சரி, மறுக்கவில்லை. கலெக்டர் காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். மான்ட்போர்ட் பள்ளி 1917இல் வந்தது, அதுவும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்காக. மலையாளி மக்களை (கேரளத்தார் அல்ல, தமிழ் பேசும் மலைக்குடிகள்) யார் கேட்டார்கள்? காட்டை நம்பிச் சாமையும் ராகியும் விதைத்தவர்கள் அவர்கள். சென்னை வனச் சட்டம் வந்ததும் அதே 1882இல்தான். கீழே வக்கீல் கோர்ட்டில் வாதாடிய காலத்தில், மேலே மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் வனத்துறையின் அனுமதி தேவைப்படும் நிலை உருவானது. அவர்களுக்காக வாதாட நாகபுரி வரை போன வக்கீல் யாரும் இல்லை. தேசிய எழுச்சி என்று நாம் பெருமையாகப் பேசும் கதை பெரும்பாலும் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஒன்று, குகைக் கோயிலில் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் மே மாதத் திருவிழா எடுப்பதை எந்த ஆட்சியாலும் நிறுத்த முடியவில்லை.

இரும்பாலை வாசகர்: கஞ்சமலை இரும்பு என்ன ஆனது?

ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஆலை கட்டி, சேலத்துத் தாதுவை உருக்கிப் பார்த்தார். அவருடைய கம்பெனி நொடித்துப்போனது. சீமை இரும்பு மலிவாக இறங்க, கரியை நம்பிய ஊர் உலைகளும் அணைந்தன.

அம்மாபேட்டை வாசகர்: எழுச்சி என்றால் காங்கிரஸ் மட்டும்தானா?

இல்லவே இல்லை. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இதே சேலத்தில்தான். அங்கே அண்ணாவின் பெயரில் வந்த தீர்மானத்தைப் பாருங்கள்: ராவ்பகதூர், திவான்பகதூர் என்று வெள்ளையர் கொடுத்த பட்டங்களைக் கட்சிக்காரர்கள் துறக்க வேண்டும். பட்டமில்லாமல் பெயரே எழுதாத பெரிய மனிதர்கள் நிறைந்த கட்சி அது. பெரியாரோடு போகப் பிடிக்காத ஒரு பிரிவு பி.டி. ராஜன் பக்கம் நின்று, பழைய பெயரிலேயே கட்சியை நடத்தியது. 1952 தேர்தலில்கூட நின்றார்கள்.