கயாக் கட்ட எந்த மரம், சட்டங்களை எப்படிப் பொருத்துவது?

உப்புவெளியைச் சேர்ந்த வாசகர் ஒருவர், திருகோணமலை உட்துறைமுகத்திலும் கொட்டியாரக் குடாவின் கரையோரத்திலும் துடுப்பு வலித்துச் செல்வதற்காக, 17 அடி நீளமான கயாக் படகொன்றை மெல்லிய மரச்சட்டங்களால் வீட்டிலேயே கட்ட விரும்புகிறார். தச்சர் தேக்குத்தான் வாங்க வேண்டும் என்கிறார். மரக்காலையிலோ 10 அடிக்கு மேல் நேரான பலகை கிடைக்கவில்லை. எந்த மரத்தைத் தெரிவு செய்வது, சட்டங்களை எப்படி இணைப்பது என்று அவர் கேட்கிறார்.

தேக்கு எளிதில் உக்காது என்று தச்சர் சொல்வது உண்மை. ஆனால் இவ்வகைப் படகில் மரம் தண்ணீரைத் தொடுவதே இல்லை. உள்ளேயும் வெளியேயும், எபொக்சி என்ற இறுகும் பசையில் தோய்ந்த கண்ணாடி இழைத் துணி அதை மூடிவிடுகிறது. வளைவையும் அடியையும் தாங்கும் பலத்தில் பெரும்பகுதி அந்த இரு படைகளிலிருந்தே வருகிறது. அவ்விரண்டையும் விலக்கிப் பிடித்து வைப்பதே நடுவிலுள்ள மரத்தின் முதன்மையான வேலை. ஆகவே பாரம் குறைந்ததும், நேரான இழையோட்டம் உடையதும், நன்கு காய்ந்ததுமான மரத்தையே தேட வேண்டும்.

உங்கள் படகின் அடிப்பாகமும் மேற்தளமும் சேர்ந்து ஏறக்குறைய 5 சதுர மீற்றர் பரப்பு வரும். சட்டத்தின் தடிப்பு 6 மில்லிமீற்றர் என்றால், தேக்கில் மரம் மட்டுமே 19 கிலோவைத் தாண்டும். நம் பகுதியில் பெயர்பெற்ற முதிரையில் 27 கிலோவுக்கும் மேலாகும். லுனுமிதெல்ல என்று மரக்காலைகளில் விற்கப்படும் மலைவேம்பில் அது 12 கிலோ அளவில் நின்றுவிடும். வெளிநாடுகளில் இவ்வேலைக்கு விரும்பி எடுக்கப்படும் செந்நிறச் சீடர் மரத்துக்குப் பாரத்தில் இதுவே நெருங்கியது. இலங்கையில் வள்ளங்களின் பக்க மிதவைகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டதும் இதுதான். தேக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: அதன் இயற்கையான எண்ணெய்ப்பசை எபொக்சி பற்றுவதைக் கெடுக்கும். அழகுக்காக மேற்தளத்தில் ஓரிரு தேக்குக் கோடுகள் வைக்கலாம். ஆனால் கடினமான சட்டமும் மென்மையான சட்டமும் அருகருகே இருந்தால், மணற்தாளால் தேய்க்கும்போது மென்மையானது பள்ளமாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

லுனுமிதெல்லவின் வெளிர்ந்த புறப்பகுதி உளுத்துப்போகக் கூடியது; ஊசித்துளையும் மாவுத்தூளும் தெரிகிற பலகையை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். காய்ந்ததா என்று அறிய, ஒரு துண்டை அறுத்து நிழலில் காற்றோட்டமாக வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்; நிறை குறைவது நின்ற பிறகே சட்டம் அறுக்கத் தொடங்குங்கள். வாடையும் மழையும் சேர்ந்த மாரியில் இது நடக்காது. கச்சான் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையிலான காலமே இவ்வேலைக்கு ஏற்றது.

18 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகையை வாங்கி, அதன் ஓரத்திலிருந்து 6 மில்லிமீற்றர் சட்டங்களாக நெடுக அறுக்க வேண்டும். வாளே 3 மில்லிமீற்றரைத் தின்றுவிடுவதால், 6 அங்குல அகலப் பலகையில் 16 சட்டங்கள் அளவில்தான் கிடைக்கும். முழு நீளச் சட்டங்கள் 75 முதல் 80 வரை தேவைப்படும். 10 அடிப் பலகைகளாயின் பத்தும், கழிவுக்கு இரண்டும் போதும்.

நீளம் போதாததைப் பற்றிக் கவலை வேண்டாம். இரு துண்டுகளின் முனைகளையும் தடிப்பைப் போல எட்டு மடங்கு நீளத்துக்கு, அதாவது ஏறத்தாழ 5 சென்ரிமீற்றருக்கு, சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டினால், படகின் வளைவிலும் பொருத்து முறியாமல் ஒரே சட்டம்போல் வளையும். ஒரு சட்டத்தில் 10 அடித் துண்டை முன்முனையிலிருந்தும் அடுத்ததில் பின்முனையிலிருந்தும் தொடங்குங்கள். அடுத்தடுத்த பொருத்துகள் 3 அடி விலகி நிற்கும்.

பொறுமை தேவைப்படுவது ஓரங்களை இணைப்பதில்தான். ஓர் ஓரத்தைக் குவிவாகவும் மற்றதைக் குழிவாகவும் கடையும் ரவுட்டர் (மரம் கடையும் மின்கருவி) அலகுகள் உண்டு. அவை கிடைத்தால் வேலை விரைவாகும். கிடைக்காவிட்டால் சிறிய சீவுளி ஒன்றே போதும், பொருத்தும் அதில் குறைவுபடாது. படகின் குறுக்குவெட்டு வடிவில் வெட்டி, 30 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நிறுத்திய குறுக்கு அச்சுகளின்மேல் சட்டத்தை வைத்துப் பார்த்தால், வயிற்றுப் பகுதியில் ஒரு கோணமும் முனையை நோக்கிப் போகப்போக வேறொரு கோணமும் இருப்பது தெரியும். ஒவ்வோர் அச்சிலும் அந்தக் கோணத்துக்குச் சிறிது சீவிவிட்டு, பின்னர் அவற்றுக்கிடையே சீவுளியை ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். உள்ளேயிருந்து டோர்ச் அடித்து, வெளிச்சம் கசியும் இடத்தை மறுபடி சீவுங்கள். ஒட்டுவதற்கு நீர் தாங்கும் வெள்ளை மரப்பசை போதும். துணி ஏறும் வரை சட்டங்களைப் பிடித்து வைப்பதே அதன் வேலை.

துணிக்கான பசையில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நம் மீனவர்களின் பைபர் படகுகளைத் திருத்தப் பயன்படும் பொலியெஸ்டர் ரெசின் கடைகளில் எளிதில் கிடைக்கும்; மலிவானதும்கூட. ஆனால் அது மரத்தை உறுதியாகப் பற்றாது. காலப்போக்கில் படை கழன்றுவிடும். எபொக்சியே வேண்டும், துணியும் நெய்த துணியாக, சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில் இருக்கட்டும். பசையை இறுகச் செய்யும் ஹார்டனரைக் கூட்டினால் விரைவில் இறுகும் என்ற வழக்கம் எபொக்சிக்குப் பொருந்தாது; அளவு பிசகினால் அது பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். வெயிலில் கலவை கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும் என்பதால், சிறிது சிறிதாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். காலையில் பூசினால், வெப்பம் ஏற ஏற மரத்துளைகளிலுள்ள காற்று விரிந்து பூச்சில் குமிழிகளைக் கிளப்பும். ஆகவே வெயில் தாழ்ந்து மரம் குளிரத் தொடங்கும் மாலை வேளையில், நிழலான கொட்டிலில் பூசுங்கள். மறுநாள் மேற்பரப்பில் மெழுகுபோன்ற படலம் தட்டுப்பட்டால், அதை நன்னீரால் தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பின்னரே மணற்தாளைத் தொட வேண்டும்.