வாசகர் கேள்வி பதில்: சதகுப்பைக் கீரை

பெங்களூரு, ஓசூர் சந்தைகளில் சப்சிகே என்று கட்டுக் கட்டாக விற்பதும், பெரிய கடைகளில் டில் என்று சீட்டு ஒட்டி வருவதும் இந்தக் கீரைதான். வளர்ப்பு, சமையல் இரண்டிலும் வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை வாங்கித் தொட்டியில் தூவினேன். மூன்று வாரமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. என்ன காரணம்?
வாசகி, சேலம்

முதல் சந்தேகம் விதையின் வயது. மருந்துக்காக வைத்திருக்கும் சதகுப்பை மூட்டையில் எத்தனை வருடம் கிடந்தது என்பது கடைக்காரருக்கே தெரியாது. இந்த விதை இரண்டு மூன்று வருடத்துக்குள் முளைப்புத்திறனை இழந்துவிடும். அடுத்த முறை விதைக்கும் முன், 20 விதைகளை ஈரத்துணியில் சுருட்டி, துணி காயாமல் நிழலில் வையுங்கள். 12 நாளில் பத்துக்கும் குறைவாக முளைத்தால் அந்த விதையை ரசப்பொடிக்கு வைத்துக்கொண்டு, விதைக்கடையில் புதிதாக வாங்குங்கள்.

விதை நன்றாக இருந்தும் முளைக்கவில்லையென்றால் ஆழமோ ஈரமோதான் காரணம். விதையை ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, இரண்டு பங்கு மணலோடு கலந்து, விரலால் கீறிய கோட்டில் தூவுங்கள். மேலே அரை செ.மீ. அளவுக்குச் சலித்த மண்புழு உரம் போதும். ஒரு அங்குலம் புதைந்தால் முளை மேலே வரும் முன்பே சோர்ந்துவிடும். பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும் என்பதால், தெளிப்பானால் காலையும் மாலையும் நனையுங்கள். ஈரச் சாக்கு போட்டு மூடலாம். ஆனால் முதல் பச்சை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி, நூலாக நீண்டு சாய்ந்துவிடும். முளைக்க 7 முதல் 14 நாள் ஆகும்.

குழித்தட்டில் நாற்று விட்டு, பெரிய பைக்கு மாற்றினேன். ஒல்லியாக ஓர் அடி உயர்ந்து உடனே பூத்துவிட்டது. இலையே கிடைக்கவில்லை.
வாசகர், கோயம்புத்தூர்

மாற்றி நட்டதுதான் தவறு. கேரட், கொத்தமல்லி குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடிக்கு நேராக இறங்கும் ஆணிவேர் உண்டு. குழித்தட்டின் அடியில் முட்டி வளைந்த வேர், பிறகு எவ்வளவு பெரிய பையில் வைத்தாலும் பழையபடி இறங்காது. வேர் தடைப்பட்ட செடி இலையை விட்டுவிட்டு, இருக்கும் பலத்தில் விதை வைக்க ஓடும். நிற்கும் இடத்திலேயே விதையுங்கள்.

முன்கூட்டியே பூக்க வைக்கும் காரணங்கள் இன்னும் சில உண்டு. வெயில் கடுமையாகி மண் ஒரு நாள் முழுக்கக் காய்ந்து மறுநாள் நனைவது, நாற்றைக் கலைக்காமல் நெருக்கமாக விடுவது, 10 செ.மீ. ஆழத் தட்டில் வளர்ப்பது. பையோ தொட்டியோ குறைந்தது 25 செ.மீ. ஆழம் இருக்கட்டும். தோட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்ற கலவை நீரைத் தாங்கும், தேங்கவும் விடாது. வரிசைக்கு வரிசை 20 செ.மீ. விடுங்கள். நாற்று விரல் உயரம் வந்ததும் செடிக்குச் செடி 8 செ.மீ. இடைவெளி இருக்கும்படி கலையுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும், ஆகவே கத்தரியால் தரையோடு வெட்டுங்கள். வெட்டிய பிஞ்சுகளைப் பருப்பில் போடலாம். வாசனை அப்போதே வந்திருக்கும்.

பச்சையாகத் தழைக்கட்டும் என்று யூரியா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்டு நீர் கோத்து, காற்றுக்குப் படுத்துவிடும். மணமும் நீர்த்துவிடும். அடியுரம் நன்றாக இருந்தால் மேலுரமே தேவையில்லாத கீரை இது.

மதுரையில் ஏப்ரலில் விதைக்கலாமா?

வேண்டாம். சமவெளியில் அக்டோபர் பாதி முதல் ஜனவரி முடிய விதையுங்கள். ஓசூர், பெங்களூரு போன்ற மேட்டு நிலத்தில் கனமழை நாட்களைத் தவிர ஆண்டு முழுவதும் வரும். எங்கே விதைத்தாலும் ஒரே நாளில் மொத்தமாக விதைக்காமல், 15 நாளுக்கு ஒரு வரிசை என்று விதைத்தால் இளங்கீரை தொடர்ந்து கிடைக்கும்.

இங்கே மே மாதம் வெளியே விதைத்தேன். வெயிலே இல்லை, குளிர்தான். ஆனாலும் ஜூலையில் எல்லாம் பூத்துவிட்டது.
வாசகி, ஓஸ்லோ, நார்வே

உங்கள் ஊரில் அதைப் பூக்க வைத்தது வெயில் அல்ல, பகலின் நீளம். இது நீண்ட பகலில் பூக்கும் செடி. ஜூனில் உங்களுக்கு ஏறத்தாழ 19 மணி நேரப் பகல். மே விதைப்பைச் சிறிதாக வைத்துக்கொண்டு, ஜூலைக் கடைசியில் இன்னொரு முறை விதையுங்கள். பகல் குறைந்துகொண்டே வருவதால் இலை நிறையக் கிடைக்கும். தாமதமாகப் பூக்கும் டூக்காட் போன்ற இலை ரகம் கேட்டு வாங்குங்கள். சன்னலோரத் தொட்டிக்கு ஃபெர்ன்லீஃப் என்ற குட்டை ரகம் பொருந்தும்.

பூத்ததை எறிந்துவிடாதீர்கள். மஞ்சள் பூக்குடையும் பச்சை விதையும் சேர்ந்திருக்கும் பருவத்தில்தான் வெள்ளரி ஊறுகாய்க்கு அது மிகச் சிறப்பு. கிழக்கு ஐரோப்பிய முறை: ஊறுகாய்க்கென விற்கும் சிறு வெள்ளரி 1 கிலோ, தண்ணீர் 1 லிட்டர், அயோடின் சேர்க்காத உப்பு 50 கிராம், பூக்குடை 2, பூண்டு 4 பல். வெள்ளரியின் பூ இருந்த நுனியை மெல்லியதாகச் சீவிவிட வேண்டும். அங்கிருக்கும் நொதிதான் காயைக் கொழகொழவென்று ஆக்குகிறது. எல்லாவற்றையும் கண்ணாடிச் சாடியில் அடுக்கி, காய் உப்புநீருக்கு மேலே எட்டிப் பார்க்காதபடி சிறு தட்டால் அழுத்தி, 20 டிகிரி அளவுள்ள அறையில் 5 முதல் 7 நாள் வைத்துப் பிறகு குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் வழித்தெடுத்தால் போதும். நிறமுள்ள பூஞ்சையோ அழுகல் நாற்றமோ வந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

பூந்தண்டில் கறுப்பாகப் பூச்சி மொய்க்கிறது. இலையில் மாவு தூவியதுபோல் இருக்கிறது.
வாசகர், தருமபுரி

மொய்ப்பது அசுவினி. அதிகம் பிடித்த தண்டை வெட்டி எறிந்துவிட்டு, மற்றதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மிஞ்சினால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடிக்கலாம். அதன் கசப்பு இந்த மெல்லிய இலையில் நாள்கணக்கில் நிற்கும் என்பதால் ஒரு வாரம் பறிக்காதீர்கள். மாவு போன்றது சாம்பல் நோய். நெருக்கமும் காற்றோட்டமின்மையும் அதை வளர்க்கும். முற்றிய செடியில் கண்டால் மருந்து தேடுவதைவிட, செடியை எடுத்துவிட்டு அடுத்த வரிசையைக் காப்பாற்றுவது நல்லது.

எப்போது, எப்படி அறுப்பது? விதையும் எடுக்க முடியுமா?
வாசகி, கிருஷ்ணகிரி

விதைத்து 40 நாள் வாக்கில், செடி ஒரு சாண் தாண்டியதும் வெளிப்புற இலைக்காம்புகளை அடியோடு சேர்த்து வெட்டுங்கள். நடுக்குருத்தைத் தொடாவிட்டால் இன்னும் இரண்டு மூன்று முறை பறிக்கலாம். நடுத்தண்டு உருண்டு எழும்பிவிட்டால் அதன்பின் இலை சிறுத்துக்கொண்டே போகும். பூவைக் கிள்ளுவதால் சில நாள்தான் தள்ளிப்போகும். அந்தச் செடிகளில் நான்கைந்தை விதைக்கு விட்டு, மற்றதை வேரோடு எடுத்துச் சமைத்துவிடுங்கள். விதைக்குடை வைக்கோல் நிறத்துக்கு வந்ததும், பனி ஈரம் இருக்கும் காலை நேரத்தில் வெட்டிக் காகிதப் பைக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். வெயிலேறிய பின் வெட்டினால் பாதி விதை மண்ணில்தான் கொட்டும்.

வாசனை தூக்கலாக இருக்கிறதென்று வீட்டில் யாரும் தொடுவதில்லை.
வாசகி, சென்னை

கட்டு முழுவதையும் தனியாகப் பொரியல் செய்ததால் இருக்கலாம். பழகும்வரை மூன்று பங்கு பசலை அல்லது அரைக்கீரைக்கு ஒரு பங்கு போதும். பாசிப்பருப்பு அரை கப், நான்கு பல் பூண்டு, மஞ்சள் சேர்த்துக் குழையாமல் வேகவைத்து, கீரைக் கலவையை அதில் போட்டு ஐந்து நிமிடம் மூடாமல் கொதிக்க விடுங்கள். சீரகம், காய்ந்த மிளகாய் தாளித்தால் ஆயிற்று. மணம் முழுக்க இலையிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. அது ஆவியாகக்கூடியது, ஆகவே திறந்து கொதித்தால் குறையும், மூடி வேகவைத்தால் நிற்கும். மணம் விரும்புகிறவர்கள் இறக்கும்போது ஒரு கைப்பிடியைப் பச்சையாகத் தூவலாம். இதற்குப் பெருங்காயமும் கரம் மசாலாவும் கொட்டி மூடிமறைக்கப் பார்ப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கீரையின் அளவைக் குறைப்பதே சரி.

பெங்களூருவில் சாப்பிட்ட, இந்தக் கீரை சேர்த்த அக்கி ரொட்டி (அரிசி மாவு ரொட்டி) மெத்தென்று இருந்தது. நான் தட்டினால் விளிம்பெல்லாம் வெடிக்கிறது, ஆறினால் அப்பளமாகிறது.
வாசகர், வேலூர்

பச்சைத் தண்ணீரில் பிசைந்திருப்பீர்கள். அரிசி மாவில் கோதுமைபோல இழுத்துப் பிடிக்கும் பசை கிடையாது. சுடுநீர் பட்டால்தான் மாவின் ஒரு பகுதி வெந்து பிணைப்பு கொடுக்கும். நாலைந்து ரொட்டிக்கு அளவு: அரிசி மாவு 2 கப், பொடியாக நறுக்கிய கீரை 1 கப், பெரிய வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, தேங்காய்த் துருவல் கால் கப், சீரகம் அரை தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி.

மாவு தவிர மற்றதை முதலில் உப்போடு பிசிறி ஐந்து நிமிடம் வையுங்கள். வெங்காயமும் கீரையும் நீர் விட்ட பிறகு மாவைக் கலந்து, கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். பெரும்பாலும் ஒன்றேகால் கப் நீர் பிடிக்கும். வடை மாவைவிடச் சற்றே இறுக்கம் என்பதுதான் பதம். முன்கூட்டிப் பிசைந்து வைத்தால் வெங்காயம் மேலும் நீர் விட்டுத் தளர்ந்துவிடும்.

தட்டுவது ஆறிய கல்லில். எண்ணெய் தடவி, உருண்டையை வைத்து, ஈரக்கையால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். விளிம்பு மெலிந்தால் அங்கேதான் வெடிக்கும். நாலு துளை போட்டு ஒவ்வொன்றிலும் எண்ணெய் விட்டு, மூடி, மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் வேகவையுங்கள். மூடாமல் சுட்டதுதான் அப்பளமான காரணம். கீரையின் ஈரம் ஆவியாகி ரொட்டிக்குள் திரும்ப வேண்டும். இரண்டு கல் வைத்துக்கொண்டால் ஒன்று ஆறும்போது மற்றது அடுப்பிலிருக்கும். இல்லையென்றால் வாழையிலையில் தட்டிச் சூடான கல்லில் கவிழ்த்துவிட்டு, இலையை உரித்தெடுங்கள்.

நுச்சினுண்டே (ஆவியில் வேகவைக்கும் பருப்பு உருண்டை) கல்லாக வருகிறது.
வாசகி, ஓசூர்

பருப்பை மைய அரைத்திருக்கிறீர்கள். துவரம்பருப்பு 1 கப் மூன்று மணி நேரம் ஊறி, நீர் சொட்டாமல் வடிந்த பின், மிளகாய், இஞ்சியோடு மிக்ஸியை விட்டுவிட்டுச் சுற்றிக் கரகரவென்று எடுங்கள். தண்ணீர் ஒரு துளியும் வேண்டாம். கீரை ஒரு கப், தேங்காய் அரை கப், உப்பு, பெருங்காயம் சேர்த்து, அழுத்தாமல் நீளுருண்டையாகப் பிடித்து ஆவியில் 12 முதல் 15 நிமிடம். உதிர்ந்தால் இரண்டு கரண்டி விழுதை மட்டும் நைசாக அரைத்துச் சேருங்கள். நெய்யோடும் மோர்க்குழம்போடும் சாப்பிடலாம். மிஞ்சியதை உதிர்த்துத் தாளித்தால் பருப்பு உசிலிதான்.

குழந்தை பிறந்த வீட்டில் இதைக் கொடுக்கச் சொல்கிறார்கள். பாதுகாப்பானதா?
வாசகி, ஈரோடு

தாய்க்குக் கீரையாகச் சமைத்துக் கொடுப்பது வழக்கத்தில் உள்ளதுதான், உணவு அளவில் கொடுக்கலாம். சதகுப்பைச் சூரணமும் எண்ணெயும் மருந்து. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் அவற்றை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு விதைக் கஷாயம் எதுவும் வேண்டாம், தாய்ப்பால் போதும்.

மறுநாளே வாடிவிடுகிறது. எப்படி வைப்பது?
வாசகர், திருச்சி

கழுவாமல் வையுங்கள். வேரையும் பழுத்த இலையையும் நீக்கி, பிழிந்த ஈரத்துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்தாறு நாள் நிற்கும். சமைக்கும் முன் அகலப் பாத்திரத்தில் மூன்று முறை அலசி, ஒவ்வொரு முறையும் கீரையை மேலாக அள்ளி எடுங்கள். தண்ணீரை அப்படியே வடித்தால் அடியில் தங்கிய மணல் திரும்பவும் இலையில் ஒட்டும். நிறைய இருந்தால் நறுக்கி, பனிக்கட்டித் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு உறையவையுங்கள். பருப்புக்கு அந்தக் கட்டியை அப்படியே போடலாம். வெயிலில் காயவைத்தால் மணம் போய்விடும்.

சோம்புச் செடியின் இலையும் இதேபோல் இருக்கிறதே?
வாசகி, தஞ்சாவூர்

கசக்கி முகர்ந்து பாருங்கள். சோம்பு இலையில் சோம்பின் இனிப்பு வாசனையே வரும், அடிக்காம்பும் தடித்து ஒன்றையொன்று கவ்வியிருக்கும். சதகுப்பையில் சீரகத்தையும் ஓமத்தையும் நினைவூட்டும் காரமான மணம் வரும், தண்டு உள்ளீடற்றது. சந்தையில் கட்டின் நுனியில் மஞ்சள் மொட்டு தெரிந்தால் எதுவானாலும் வாங்காதீர்கள். இலைக்கு முற்றிவிட்டது.