வகுப்பில் எழும் கை தெருவில் ஏன் எழவில்லை?

கேள்வி: ஒன்றரை ஆண்டுகளாகக் கராத்தே வகுப்புக்குச் சென்று வருகிறேன். சென்ற மாதம் சாலையில் என் வண்டியை உரசியவர், அவரே இறங்கி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துக் கத்தினார். கற்றது எதுவும் நினைவுக்கு வரவில்லை. வாய் உலர்ந்து, கை நடுங்க நின்றேன். ஆட்கள் கூடியதும் அவர் போய்விட்டார். இந்தப் பயிற்சி உண்மையான மோதலுக்கு உதவுமா, அல்லது என் காலமும் பணமும் வீணா?

பதில்: வீணாகவில்லை, ஆனால் பயிற்சியில் பெரும்பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த நொடியில் உங்களுக்கு நேர்ந்தது கோழைத்தனமன்று, உடலியல். ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினலின் பெருக்கெடுத்து இதயத்துடிப்பு எகிறுகிறது. ரத்தம் தொடை, தோள் போன்ற பெரிய தசைகளுக்குக் கூடுதலாகப் பாய்கிறது. பார்வை குறுகி எதிரில் நிற்பவரின் முகம் மட்டுமே தெரிகிறது. பக்கத்தில் நிற்பவர் கூப்பிடுவதுகூடக் காதில் விழாமல் போகலாம். விரல்களால் நுணுக்கமாகச் செய்ய வேண்டிய பிடிகள் அந்த நிலையில் கைக்கு வருவதில்லை. நெடுங்காலம் பயின்றவர்களுக்கும் இதே நடுக்கம் வரும். அவர்களுக்கு அது பழகிப்போன நடுக்கம் என்பதே வேறுபாடு.

அந்தப் பழக்கம், முன்பே வகுத்த அசைவுகளை அதே வரிசையில் செய்யும் ‘கட்டா’விலிருந்து வராது. வகுப்பில் உங்கள் இணை எந்தக் கையை, எப்போது, எந்த உயரத்தில் நீட்டுவார் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். நீங்கள் தடுத்ததும் அவர் மரியாதையாக அசையாமல் நிற்பார். 1882-இல் ஜப்பானில் ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ, குத்து, உதை போன்றவற்றைக் கட்டாவோடு நிறுத்திவிட்டு, மற்றவற்றை எதிர்ப்புக் காட்டும் ஆளிடம் தடையின்றிப் பழகும் ‘ரந்தோரி’யைப் பயிற்சியின் மையத்தில் வைத்தார். முழு வலுவோடு ஆயிரம் முறை செய்து பார்த்த எளிய உத்தி, காற்றில் மட்டுமே செய்து பார்த்த கொடிய உத்தியைவிட மேலானது என்று நானும் கருதுகிறேன். குத்துச்சண்டையில் இருவர் எதிரெதிரே மோதிப் பழகும் ‘ஸ்பாரிங்’கின் பயனும் இதுவே.

என் வகுப்பில் புதியவர்களுக்கு வைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஒருவர் கண்களை மூடி நிற்பார். இன்னொருவர் பின்னாலிருந்து தோளைத் தள்ளியபடி காதருகே கத்துவார். கண்ணைத் திறந்ததும் என்ன வரும் என்பது அவருக்குத் தெரியாது. முதல் முறை ஏறக்குறைய எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். சிலர் சிரித்துவிடுகிறார்கள், அதுவும் உறைந்துபோவதன் ஒரு வகைதான். நாலைந்து வாரங்களில் மூச்சு தானாக வெளியேறத் தொடங்கும். மூச்சு வந்துவிட்டால் கையும் வரும்.

உத்திகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் பயன் தராது. தெரிவுகள் பெருகப் பெருக முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்பதை 1952-இல் உளவியலாளர் ஹிக் சோதனைகளால் காட்டினார். காலர் பிடிக்கு ஆறு விடுவிப்புகளைக் கற்றவர், எதைச் செய்வது என்று யோசிக்கும் இடைவெளியிலேயே அடி வாங்கிவிடுவார். பலர் பிடித்த கையின் மணிக்கட்டை முறுக்கத்தான் கற்பிக்கிறார்கள். பிடித்த கை உங்களை அடிக்கப் போவதில்லை. ஆபத்து அவருடைய மற்றொரு கையில் இருக்கிறது. ஆகவே முகவாயை நெஞ்சோடு சேர்த்து, அந்தப் பக்கத்து முழங்கையை உயர்த்தித் தலையை மறைத்துக்கொண்டு, இடுப்போடு சேர்ந்து உடலைத் திருப்புங்கள். பிடி தளர்ந்தால் விலகுங்கள். தளராவிட்டாலும் தலை தப்பும்.

உண்மையில் பயிற்சியின் பெரும்பயன் காலரைப் பிடிப்பதற்கு முந்தைய சில நொடிகளில் கிடைக்கிறது. அவர் வண்டியை விட்டு இறங்கியபோதே இரண்டு கை தொலைவுக்குப் பின்வாங்கி, ஒரு காலைப் பின்வைத்து, விரித்த உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் வைத்திருந்தால், பார்ப்பவர்களுக்கு அது சமாதானமாகத் தெரியும்; உங்களுக்கோ அது தயார் நிலை. “அங்கேயே நின்று பேசுங்கள்” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். விரலை நீட்டாதீர்கள், யார் மேல் தவறு என்று அங்கே வாதிடாதீர்கள். தன் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு போக அவருக்கு ஒரு வழி வேண்டும். அது இல்லாதவர்தான் கையை ஓங்குகிறார். கூட்டம் கூடியதும் அவர் போனதற்கு நீங்கள் திருப்பி அடிக்காததும் காரணமாக இருந்திருக்கலாம்.

கத்தி தெரிந்தால் இவை எல்லாம் மாறிவிடும். 1983-இல் அமெரிக்கக் காவல் பயிற்றுநர் டென்னிஸ் டியூலர், கத்தி ஏந்தியவர் 21 அடித் தொலைவை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார் என்று எழுதினார். உறையில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கே போதாத நேரம் அது. வெறுங்கையால் கத்தியைப் பறிப்பதை வார இறுதி வகுப்பில் கற்றுத் தருவதாகச் சொல்பவரை நான் நம்புவதில்லை. பணப்பையைக் கொடுத்துவிட்டு ஓடுவதே அங்கு சரியான உத்தி.

உங்கள் பயிற்றுநரிடம் முதலில் விழும் பயிற்சியைக் கேளுங்கள். ஒரே குத்தில் உயிர் போன பல நிகழ்வுகளில் உயிரைப் பறித்தது குத்தன்று. பின்மண்டை தரையில் மோதியதே. முகவாயை ஒடுக்கி, முதுகை வளைத்து உருண்டு விழக் கற்றவருக்கு அது மாடிப்படியிலும் உதவும். அதன்பின் எதிர்ப்புள்ள பயிற்சியைக் கேளுங்கள். அவர் மறுத்தால், கராத்தேயை விடாமலேயே சில மாதங்கள் ஜூடோவுக்கோ குத்துச்சண்டைக்கோ செல்லலாம். திருப்பி அடிக்க நேர்ந்தால், ஆபத்து நின்ற கணத்தில் உங்கள் கையும் நிற்க வேண்டும். அதற்குப் பிந்தைய அடியைப் பெரும்பாலான சட்டங்கள் தற்காப்பாகக் கருதுவதில்லை.

மோதல் முடிந்த உடனே வண்டியை எடுக்காதீர்கள். அட்ரினலின் வலியை மறைத்திருக்கும் என்பதால், முதலில் ஓரமாக உட்கார்ந்து தலை, கழுத்து, விலா, சட்டைக்கு உள்பக்கம் என உள்ளங்கையால் தடவி, ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். நடுக்கம் அடங்கிய பிறகு கிளம்பலாம்.