சொந்த ஊரிலேயே காமராஜர் தோற்றது எப்படி?

நாடறிந்த ஒரு தலைவர், வெற்றி உறுதி என்று எல்லோரும் நம்பிய தொகுதியில் எப்படித் தோற்க முடியும் என்பது கேள்வி. இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம், 1967 சட்டமன்றத் தேர்தலில் காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றதுதான். கூடவே ‘நன்றி கெட்ட ஊர்’ என்று ஒரு பழியையும் சேர்த்துச் சொல்வார்கள். நான் அந்த மாவட்டத்துக்காரன். அந்தப் பழி நியாயமற்றது.

அப்போது காமராஜர் அகில இந்திய காங்கிரஸின் தலைவர். நேருவுக்குப் பின் இரண்டு பிரதமர்கள் பதவிக்கு வர முன்னின்றவர். எதிர்த்து நின்ற திமுகவின் சீனிவாசனோ மாணவர் போராட்டத்தில் இருந்து வந்த இளைஞர். சீனிவாசன் பெற்றது 33,421 வாக்குகள், காமராஜர் பெற்றது 32,136. வித்தியாசம் 1,285. அதாவது 643 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் காமராஜர் வென்றிருப்பார். இதை வைத்து ஓர் ஊரின் குணத்தை எடை போடுவது எப்படிச் சரியாகும்?

உண்மையில் அன்று மக்கள் கோபப்பட்டது அவர் மீது அல்ல. 1963-லேயே முதல்வர் பதவியை விட்டு விலகிவிட்டார். அதன் பின் பக்தவத்சலம் ஆட்சியில் அரிசித் தட்டுப்பாடு வீடுதோறும் வாட்டியது. 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்து, துப்பாக்கிச் சூடுகளில் பலர் மாண்டனர். அந்த வடு ஆறுவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது திமுக. வாக்குச்சீட்டில் காமராஜருக்கு ஒன்று, பக்தவத்சலத்துக்கு ஒன்று என்று தனித்தனிச் சின்னம் கிடையாது. இருவருக்கும் இரட்டைக் காளைதான். ஆட்சி மீது கோபத்தில் இருந்தவர், அந்தக் காளைக்கு எதிராக முத்திரை குத்தினார். பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். மத்திய உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார். விருதுநகர் மட்டும் தனியாக எந்தத் துரோகமும் செய்யவில்லை.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. 1962-ல் காங்கிரஸ் சுமார் 46 சதவீத வாக்குகளோடு 206 இடங்களில் 139-ஐப் பிடித்தது. 1967-ல் கிடைத்தது 41 சதவீதம். திமுகவை விடக் கடுகளவு அதிகம்கூட. ஆனால் அந்த 41 சதவீதத்துக்கு 234-ல் 51 இடங்கள்தான் கிடைத்தன. காரணம், அண்ணா கட்டிய கூட்டணி. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக் என்று ஒன்றோடொன்று ஒட்டாத கட்சிகளையெல்லாம் அவர் ஒரே அணியில் நிறுத்தினார். காங்கிரஸின் கோட்டைகள் எனப்பட்டவற்றில் பல, எதிர்ப்பு வாக்குகள் சிதறிக் கிடந்ததால் நின்றவை. வாக்குகள் ஒன்று சேர்ந்ததும் சரிந்தன. என் கணிப்பில், பிரபல வேட்பாளர்கள் தோற்கும் இடங்களில் பாதிக்கு மேல் இதுதான் நடக்கிறது.

பிரபலமே சில சமயம் பகையாகவும் முடிகிறது. ‘அவர் எப்படியும் ஜெயித்துவிடுவார், நாம் ஆட்சிக்குப் பாடம் புகட்டுவோம்’ என்று நினைத்து எதிர்த்துப் போட்டதாக எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் வருத்தத்தோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன். முடிவு தெரிந்த பின் அவர்களில் யாரும் மகிழவில்லை. அண்ணாவும் அந்தத் தோல்வியைக் கொண்டாட விரும்பவில்லை. அந்த வலி அவருக்குத் தெரியும். 1962-ல் தன் கட்சி 15 இடங்களில் இருந்து 50-க்கு உயர்ந்தபோது, காஞ்சிபுரத்தில் அவரே தோற்றிருந்தார்.

மக்கள் காமராஜரை வெறுத்தார்கள் என்று இன்னும் நினைப்பவர்கள் நாகர்கோவிலைப் பார்க்க வேண்டும். 1969 இடைத்தேர்தலில், திமுக ஆட்சியில் இருக்கும்போதே, அங்கே வென்று மக்களவைக்குப் போனார். 1971-ல் தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் 38-ஐ திமுக அணி அள்ளியது. மீதி ஒன்று நாகர்கோவில். வென்றவர் காமராஜர்.